அரைக்காற்சட்டையோடு கண்டிக்கு

கண்டிப் பைத்தியம் இவருக்கு ஒஸ்லோவில்தான் பிடித்தது. வேலைத்தளத்தில் ஒரு நோர்வேக்காரன் இலங்கைக்கு விடுமுறை போய்வந்து, புத்தரின் பல் இருக்கும் தலதா மாளிகைப் படங்களைக் காட்டி, "உன்ரை நாட்டிலை இதைப் பாக்கேல்லையோ?" என்று கேட்டுவிட்டானாம். யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, இருபது வயதில் நோர்வேயின் வடக்கே ஹம்மர்பெஸ்டுக்கு மீன் தொழிற்சாலை வேலைக்கு வந்த மனிசன் எங்கே கண்டியைக் காண்பது? அதை அவனிடம் சொல்லியிருக்கலாம். அதைவிட்டு, ஒஸ்லோவின் ஹவுகன்ஸ்டுவாவில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு கிழமையாக என்னோடு உம்மென்று இருந்தார்.

எனக்கும் கண்டி வேண்டித்தான் இருந்தது. என் அக்கா அங்கே தாதியாக வேலை செய்தாள். சமாதான காலத்துக் கோடை விடுமுறையில் நாங்கள் போனபோது, அவளைக் கண்டு பதினெட்டு வருடம். கொழும்பிலிருந்து வாடகை வானில் ஒரே நாளில் போய்த் திரும்புவது என்று இவர் முடிவுகட்டினார். அக்கா தொலைபேசியில் தெளிவாகச் சொன்னாள்.

"லீவு தரமாட்டினமாம். நாலு மணிக்கு டியூட்டி. மத்தியானமே வந்திடு, சமைச்சு வைக்கிறன்."

"முதல் மாளிகை, பிறகு அக்கா" என்றார் இவர். மாளிகை வாசலிலேயே எங்களை மறித்தார்கள். முழங்கால் தெரியும் அரைக்காற்சட்டையோடு உள்ளே விடமாட்டார்களாம். வெளியே பனி கொட்டினாலும் வீட்டுக்குள் இடுப்பில் கட்டிய சறத்தை விடாத மனிசன், இங்கே வெள்ளைக்காரன் மாதிரி வந்து நிற்கிறார்! நான் தலையில் அடித்துக்கொண்டேன். கடை தேடிச் சறம் வாங்கி வர ஒரு மணித்தியாலம் போனது. கடவுச்சீட்டில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றிருந்ததால் சோதனையில் இன்னும் கொஞ்சம். உள்ளே வரிசையில் நெரிபட்டு, தங்கப் பேழை இருந்த அறையைக் கண்மூடித் திறப்பதற்குள் பார்த்து முடித்தோம். அத்தோடு விட்டாரா? ஒவ்வொரு தூணையும் படம் பிடித்தார். மாளிகைக்குப் பக்கத்து ஏரியை நாலு பக்கமும் பிடித்தார்.

"அக்கா பாத்துக்கொண்டிருப்பா."

"உமக்கு எப்பவும் அவசரம். இன்னும் ரெண்டு படம்."

அக்கா வீட்டுப் படலையில் வான் நின்றபோது நாலுக்குக் கால்மணி இருந்தது. அவள் வெள்ளைச் சீருடையோடு வெளியே வந்துகொண்டிருந்தாள். தலை நரைத்திருந்தது.

"சாப்பாடு மேசையிலை மூடிக் கிடக்கு. இந்தா திறப்பு" என்று வீட்டுத் திறப்புக்கொத்தை நீட்டினாள்.

இவர் கமராவைத் தூக்கினார். "அக்கா, இதிலை ஒருக்கா நில்லுங்கோ."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திறப்பை வாங்கி அவர் கையில் திணித்தேன். "நீங்கள் போய்ச் சாப்பிடுங்கோ. நான் அக்காவைக் கொண்டுபோய் விட்டிட்டு வாறன்." அவரைப் படலையிலேயே விட்டுவிட்டு, அக்காவை ஏற்றிக்கொண்டு வான் கிளம்பியது.

ஆஸ்பத்திரிக்குப் பத்து நிமிட ஓட்டம். அக்கா என் கையைப் பிடித்தபடி இருந்தாள். அரைக்காற்சட்டை, சறம், ஏரி, படம் என்று நான் இவரைத் திட்டிக்கொண்டே போனேன். அவள் ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். வாசல் வந்தது, இறங்கிவிட்டாள்.

அவளைப் பற்றி நான் ஒன்றுமே கேட்கவில்லை.