உறவுக்காரருக்கு வாங்கிய மாத்திரை

செய்தி வந்தபோது நான் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு விடுதியின் கூட்ட அறையில் இருந்தேன். எங்கள் மருந்துக் கம்பெனியின் வருடக் கூட்டம். திரையில் நம் பக்கத்து ஊர்களின் வரைபடம் ஓடிக்கொண்டிருந்தது. ஓர் ஊரில் வலிப்பு மாத்திரை எவ்வளவு விற்கிறதோ அந்த அளவுக்கு அந்த ஊருக்கு ஒரு வட்டம் போட்டிருப்பார்கள். அதைத்தான் நாங்கள் சந்தை அளவு என்கிறோம். திருச்செந்தூரின் வட்டம் பாதி தரையிலும் பாதி கடலிலுமாக வீங்கிக் கிடந்தது. சென்னையிலிருந்து வந்த அதிகாரி அதைக் காட்டிப் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தார். அப்போது கைப்பேசியில் ஒரு வரி வந்தது. திருச்செந்தூர் மெடிக்கல் ரெஜினா அக்கா காலையில் தவறிவிட்டார்.

படித்ததும் எனக்கு வந்தது துக்கம் இல்லை. இனி மாத்திரைக்கு எங்கே போவது என்றுதான் முதலில் நினைத்தேன். அக்கா போய்விட்டார் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. பக்கத்தில் இருந்தவர் என் முகத்தைப் பார்த்து, யார் என்று கேட்டார். தெரிஞ்சவங்க என்று சொல்லிவிட்டு, கூட்டம் முடியும் வரை உட்கார்ந்திருந்தேன். எழுந்து போனால் என்ன உறவு என்று கேட்பார்களே என்று பயம். மருந்து வணிகர் சங்க மலருக்கு இரங்கல் கட்டுரை கேட்டபோது இந்தப் பகுதியை விட்டுவிட்டு, அதிர்ச்சி, ஆறாத்துயர் என்றெல்லாம் ஒரு பக்கம் எழுதினேன். அப்புறம் எனக்கே படிக்கக் கூசியது. அதைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

எனக்கு வலிப்பு நோய் உண்டு. கல்லூரிக் காலத்திலிருந்தே உண்டு. என்னோடு இத்தனை காலம் வேலை பார்த்த உங்களில் ஒருவருக்கும் இது தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொள்வதற்குப் பெரும்பாடு பட்டிருக்கிறேன். வீடு அம்பாசமுத்திரம், டாக்டர் மதுரை, மாத்திரை திருச்செந்தூர். செந்தூர் முருகனைக் கும்பிடப் போகிறேன் என்றால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் தெருவில் எனக்குப் பக்திமான் என்று பெயர். எனக்கும் சேர்த்துக் கும்பிட்டுட்டு வாங்க என்று உண்டியலுக்குக் காசு கொடுத்துவிடுகிறவர்கள்கூட இருக்கிறார்கள். காசைப் போட்டுவிடுவேன். அதில் மட்டும் நாணயஸ்தன்.

அக்காவின் கடை பஸ் நிலையத்திலிருந்து கோயிலுக்குப் போகிற வழியில் இருக்கிறது. முதல் தடவை டாக்டர் சீட்டை நீட்டி, உறவுக்காரர் ஒருத்தருக்கு என்றேன். அவர் சீட்டில் இருந்த பெயரைப் படித்தார், என்னைப் பார்த்தார். பிறகு மாத்திரை அட்டைகளை உறையில் போட்டுக்கொண்டே சொன்னார். "நம்ம கடைக்கு வாற ஆளுக எல்லாரும் உறவுக்காரருக்குத்தான் வாங்குதாவ. நோயாளின்னு ஒருத்தரை நான் இன்னும் கண்ணால பாக்கல."

அன்றிலிருந்து எங்களுக்குள் அந்த உறவுக்காரர் நிரந்தரமாகக் குடியேறினார். போகும்போதெல்லாம், "உங்க உறவுக்காரர் எப்படி இருக்காவ? நல்லாத் தூங்குதாவளா?" என்பார். தூங்குதாருக்கா என்பேன். "பைக் ஓட்டக்கூடாதுன்னு சொல்லுங்க. ஆத்துல தனியா இறங்கிக் குளிக்கவும் கூடாது, கேட்டியளா? ஒருநாள்கூட மாத்திரைய விடக்கூடாதுன்னு நான் சொன்னேன்னு சொல்லுங்க." சொல்கிறேன் என்று தலையாட்டுவேன். அவர் பேச்சைக் கேட்டுத்தான் பைக்கை விற்றேன். பெட்ரோல் விலை கட்டுப்படியாகவில்லை என்று வீட்டுக்கு வெளியே எல்லாரிடமும் புலம்பினேன்.

பிறகு கம்பெனி என்னை இந்தப் பகுதிக்கு மேலாளர் ஆக்கியது. திருச்செந்தூரில் விற்பனை ஏன் இப்படி எகிறுகிறது என்று நேரில் பார்த்து எழுதச் சொன்னார்கள். எங்கள் விற்பனைப் பிரதிநிதியோடு அதே கடைப் படியில் ஏற வேண்டியதாயிற்று. அக்காவின் வாய் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். பிரதிநிதிகளை வாசலில் நிற்க வைத்துவிட்டு உள்ளே மீன் விலை பேசிக்கொண்டிருப்பார், உங்களில் பலர் அங்கே நின்றிருப்பீர்கள். பிரதிநிதி என் பெயர் அட்டையை நீட்டினார். சீட்டில் மாதாமாதம் படித்த அதே பெயர். அக்கா அதை நிதானமாகப் படித்துவிட்டு, "நல்ல பேரு. சாரை இப்பத்தான் பாக்கேன், உக்காருங்க" என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பிரதிநிதி டீ சொல்ல வெளியே போன இடைவெளியில் கேட்டார். "இந்த ஊர்ல இம்புட்டுப் பேருக்கு வலிப்புன்னா எழுதப் போறிய?"

"விற்பனை அப்படித்தானேக்கா காட்டுது."

"வலையில விழுந்த இடத்துலயா மீனு பொறந்துச்சு? அங்கன வாசல்ல நின்னு பாருங்க தம்பி. மொட்டை போட்டுச் சந்தனம் பூசிட்டு வாறவன் திசையன்விளைக்காரன், வெண்புள்ளிக்குக் களிம்பு வாங்குதான். பூத்தட்டோட நிக்குத அம்மா உங்க பக்கந்தான், மகளுக்குத் தூக்க மாத்திரை. சொந்த ஊர்ல கேக்க வெக்கப்பட்டுக்கிட்டு முருகனைச் சாக்கா வச்சு வாராவ. அதையும் உங்க கணக்குல சேருங்க."

அது எனக்குத் தெரியாத விஷயமா? அந்தக் கூட்டத்தில் நானும் ஓர் ஆள்தானே. ஆனால் அறிக்கையில் அதை எழுதினால், உமக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அதனால் எழுதவில்லை. திருச்செந்தூர் வளரும் சந்தை என்று எழுதினேன். மாத்திரை விற்கிற ஊர்தான் நோயாளியின் ஊர் என்பது எங்கள் தொழிலில் யாரும் சந்தேகப்படாத ஒன்று. அம்பாசமுத்திரத்துக்கு வட்டமே இல்லை. சந்தை இல்லாத ஊர் என்று ஒதுக்கிவிட்டதால் அங்குள்ள கடைகளில் அந்த மாத்திரையை வைக்கச் சொல்லி யாரும் போவதில்லை. அந்த ஊரில் குடியிருந்துகொண்டு வருஷா வருஷம் அந்த அறிக்கையில் கையெழுத்துப் போடுகிறவன் நான். இந்த வருஷமும் போட்டிருக்கிறேன்.

தாமிரபரணியில் வெள்ளம் வந்து திருச்செந்தூர் போகும் பாதை அறுந்த சமயம், என் கையில் மாத்திரை தீர்ந்துவிட்டது. அடுக்களையில் விழுந்தேன். தரை வழுக்கிவிட்டது என்று என் மனைவி பக்கத்து வீட்டில் சொன்னாள். மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. இரத்தத்தில் இருக்கிறது என்று ஒருவர் வாய் திறந்தால் போதும் என்று இருவருக்கும் பயம். அக்காவுக்குப் போன் போட்டேன். "உங்க ஊர்ல மெடிக்கலே கிடையாதா? போயி, இன்ன மாத்திரை வேணும், வரவழைச்சுத் தாங்கன்னு கேளுங்க" என்றார். கேக்க முடியாதுக்கா என்றேன். "வெள்ளத்தக் கண்டு பயமில்ல, எதுத்த வீட்டுக்காரனைக் கண்டு பயம். நல்லா இருக்குவே உங்க பொழப்பு" என்றார். என்னை அவர் மரியாதையை விட்டு 'வே' போட்டுப் பேசியது அந்த ஒரு தடவைதான். திட்டிவிட்டு, தெரிந்த வேன்காரரைப் பிடித்து, திசையன்விளை வழியாகச் சுற்றவிட்டு மறுநாள் மாத்திரையை அனுப்பிவைத்தார். உறையின் மேல், உறவுக்காரருக்கு என்று எழுதியிருந்தது.

கடைசியாகப் பார்த்தபோது அக்கா முக்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் கடையில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. மேல்தட்டிலிருந்து என் மாத்திரையை எடுக்க வேலைக்கு நின்ற பெண்ணைக் கூப்பிட்டார். வலது கையைத் தூக்கவில்லை. வெயில் கொல்லுது தம்பி என்றார். ஆமாக்கா என்று சொல்லிவிட்டு, அம்பாசமுத்திரம் பஸ் கிளம்பிவிடுமே என்று ஓடினேன்.

அடக்கத்துக்கு நான் போகவில்லை. ஏழாம் நாள் பூசைக்குப் போனேன். மாதா கோவில் வாசலில் அவருடைய தங்கை என்னிடம் வந்து, நீங்க மருந்துக் கம்பெனியா என்று கேட்டார். அக்காவுக்கு மார்பில் கட்டி என்று அவர் சொல்லித்தான் தெரிந்தது. வெகுநாள் ஒருவரிடமும் காட்டவில்லை. பிறகு சரக்கு எடுக்கப் போகிறேன் என்று மதுரைக்குப் போய்த் தனியாக வைத்தியம் பார்த்திருக்கிறார். மாத்திரையையும் அங்கேயே ஒரு கடையில் வாங்கியிருக்கிறார்.

"எங்களுக்குத் தெரிஞ்சதே அந்த மதுரைக் கடைக்காரர் போன் போட்டதாலதான். அக்கா குளிச்சிட்டிருந்தா, நான் எடுத்தேன். உங்க தங்கச்சிக்குள்ள மாத்திரை வந்துட்டு, வந்து வாங்கிக்கிடுங்கன்னாரு. நாந்தாங்க தங்கச்சி, எனக்கு என்ன சீக்குன்னு கேட்டேன்." அவர் அழவில்லை. ரொம்ப நாள் கோபத்தில் இருந்து களைத்தவர் மாதிரி பேசினார். "மருந்துக் கடைக்காரி அவ. ஊருக்கே புத்தி சொன்னவ. முன்னாலேயே காட்டியிருந்தா பொழைச்சிருப்பான்னு டாக்டர் சொல்லுதாரு."

அக்காவைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து மனைவியிடமும் மகளிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். மனைவி, இந்த வரன் ஒன்று முடியட்டுமே என்றாள். மகள்தான், "அதுக்குப் பயந்து ஓடுத ஆளு ஓடட்டும்ப்பா. இங்கனயே வாங்குங்க" என்றாள்.

மறுநாள் எங்கள் தெரு முனையில் இருக்கும் மெடிக்கலுக்குப் போனேன். கடைக்கார அண்ணாச்சி என்னை நன்றாகத் தெரிந்தவர். பக்கத்தில் எதிர்வீட்டு அம்மா இருமல் மருந்துக்கு நின்றுகொண்டிருந்தார். சீட்டை வைத்தேன். அண்ணாச்சி படித்துவிட்டு, "இது நம்மகிட்ட கிடையாதே சார். இந்த ஊர்ல யாரும் கேக்குததில்ல" என்றார்.

"வரவழைச்சுத் தாங்க அண்ணாச்சி. மாசாமாசம் வேணும்."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "யாருக்கு சார்? உறவுக்காரருக்கா?"

நல்ல மனுஷன். நான் நுழைந்துகொள்ள ஒரு வாசலைத் திறந்துதான் வைத்தார். எனக்கு என்றேன். வாயிலிருந்து காற்றுதான் வந்தது. என்ன சார் என்று மறுபடி கேட்டார். எதிர்வீட்டு அம்மாவும் திரும்பிப் பார்த்தார். "எனக்குத்தான் அண்ணாச்சி. எனக்கு வலிப்பு உண்டு" என்றேன். கழுத்தெல்லாம் வியர்த்துவிட்டது. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை, இதை எழுதும்போதும் இருக்கிறது. அண்ணாச்சி, ரெண்டு நாள்ல வந்துரும் சார் என்று சொல்லிவிட்டு இருமல் மருந்தை எடுக்கத் திரும்பினார். அவ்வளவுதான் நடந்தது. அடுத்த வருஷ வரைபடத்தில் அம்பாசமுத்திரத்துக்கு ஒரு புள்ளியாவது விழும்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அவருடைய அந்தக் கேள்வியைத்தான். உங்க உறவுக்காரர் எப்படி இருக்காவ என்று மாதாமாதம் கேட்டார். நானும் மாதாமாதம் பதில் சொன்னேன். சொல்லிவிட்டு மாத்திரையை வாங்கிப் பையில் மறைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடியிருக்கிறேனே தவிர, நீங்க எப்படி இருக்கிய அக்கா என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை.