எஞ்சினுக்குள்ள நான் இருந்தனான்

இரும்புக்குள்ள குந்தி இருந்து கேட்டா, வெளியில கதைக்கிற ஆக்களின்ர குரல் கிணத்துக்கு மேல நிண்டு கதைக்கிற மாதிரிக் கேக்கும்... பழைய எண்ணெய் மணம் மூக்கை அடைக்கும். கை வைக்கிற இடமெல்லாம் ஐஸ்.

நான் ஜெர்மனிக்கு வந்த புதுசு. அகதி அன்ட்ராக், விண்ணப்பம் தான், போட்டிட்டு முடிவைப் பாத்துக்கொண்டு இருந்த காலம். வேலை செய்ய அனுமதி இல்லை. பிடிபட்டா நேர ஊருக்குப் பிளேன் தான் எண்டு அகதிக் காம்பில எல்லாரும் வெருட்டி வச்சிருந்தவை. எண்டாலும் எத்தினை நாளைக்குத்தான் கூரையைப் பாத்துக்கொண்டு படுக்கிறது? விசர் பிடிச்சிடும்.

அப்பதான் டோர்ட்மண்டுக்குக் கிட்ட, பழைய நீராவி றெயில் எஞ்சின்களைப் பராமரிக்கிற ஒரு சங்கத்தின்ர ஷெட்டுக்குக் களவாத் துடைக்கப் போகத் தொடங்கினனான்.

அங்க சிவப்பு நிறத்தில ஒண்டு நிண்டது. மற்ற எஞ்சின்கள் மாதிரி சில்லு, குழாய் ஒண்டும் வெளியில தெரியாது. காத்து வழுக்கிக்கொண்டு போகட்டும் எண்டு உச்சியில இருந்து தண்டவாளம் வரைக்கும் தகரம் அடிச்சு மூடியிருந்தவை. எல்லாம் வேகத்துக்காக.

ஹெல்முட்டுக்கு அது எண்டா உயிர். றெயில்வேயில வேலை செய்து பென்சன் எடுத்த மனிசன். என்னை ஷெட்டுக்குள்ள விட்டதும் அவர்தான். சுவரில தொங்கின கலண்டரைக் காட்டிக் காட்டிச் சொல்லுவார்.

"இஞ்ச பார் றஞ்சன், இது இங்கிலாந்துக்காரன்ர. நீலம், மூக்குச் சரிவு. இது அமெரிக்காக்காரன்ர, துவக்குக் குண்டு மாதிரி. இது ஜப்பான்காரன் மஞ்சூரியாவில ஓட்டினது. ஆர் முந்துறது எண்டு எல்லாருக்கும் ஒரே விசர்!"

சொந்தப் பிள்ளையளின்ர படம் காட்டுற மாதிரி இருக்கும்... வடிவான மனிசன்.

ஷெட்டில ஒரே ஒரு சட்டம். எஞ்சினுக்குக் கீழ ஆர் போனாலும் முன்னால கொழுக்கியில சிவப்புத் தகடு ஒண்டு தொங்கவிட வேணும். போட்டவன் தான் கழட்ட வேணும். தகடு தொங்கினா ஆரும் எஞ்சினை அசைக்கப்படாது.

அண்டைக்கு நான் தகடு போடேல்லை.

மறந்து இல்லை. அந்தக் கிழமை வேலையிடங்களில பொலிஸ் கொன்ட்ரோல், சோதனை, வருது எண்டு காம்பில கதை. தகடு தொங்கினா உள்ளுக்க ஆள் இருக்குது எண்டு ஊருக்கே சொல்லுற மாதிரி எல்லோ? தகட்டைத் தண்டவாளத்துக்கு நடுவில இருக்கிற வேலைப் பள்ளத்துக்குள்ளயே வச்சிட்டு, வாளியைத் தண்டவாளத்தில வச்சிட்டு, சில்லுக்கும் தகரத்துக்கும் நடுவில ஏறிப் போய்க் குந்தினனான். சில்லு என்னை விட உயரம். தொடை மொத்தத்தில ஒரு இரும்புத் தண்டு சில்லுகளைக் கோத்துக்கொண்டு போகுது. அதுக்கும் எனக்கும் ஒரு சாண் இடைவெளி.

கொஞ்ச நேரத்தால காலடிச் சத்தம். கீழ நீக்கலுக்கால பாத்தன். ஹெல்முட்டின்ர பழைய சப்பாத்து... அதுக்குப் பக்கத்தில ரெண்டு சோடி கறுப்புச் சப்பாத்து. கருநீலக் காற்சட்டை.

மடு மாதாவே! பொலிஸ்!

"உள்ளுக்க ஆரும் நிக்கிறியளோ?" ஹெல்முட் கூப்பிட்டார்.

மூச்சு விடேல்லை. மன்னாரில ஆமி சுத்திவளைக்கிற நேரம் பழகின பழக்கம். சப்பாத்துக்காரன் நிக்கேக்க ஆர் கூப்பிட்டாலும் வாய் திறக்கப்படாது. பெத்த தாய் கூப்பிட்டாலும்.

திரும்பவும் கூப்பிட்டார். நான் அங்க இல்லாத மாதிரியே இருந்தன்.

பிறகு, "சரி, தள்ளு" எண்டு ஹெல்முட் சொல்ல, பின்னால டீசல் எஞ்சின் ஒண்டு உறுமிக் கேட்டுது. ஒரு இடி... என்ர பக்கத்தில இருந்த சில்லு அசைஞ்சுது.

அந்தத் தண்டு மெல்ல மெல்ல மேல வருது. கத்த வாய் திறந்தன், காத்துத்தான் வந்துது. தகரத்தோட பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு நிண்டன். தண்டு சேட்டுத் துணியை உரசிக்கொண்டு போகுது. இனி அடுத்த சுத்து நெஞ்சில தான் எண்டு தெரியும்... செத்தன் எண்டே நினைச்சன்.

அப்ப வாளி சில்லுக்குள்ள நசிஞ்சு கிறீச்சிட்டுது. "நிப்பாட்டு!" எண்டு ஹெல்முட் போட்ட சத்தம் இப்பவும் காதுக்குள்ள நிக்குது.

என்னை இழுத்து வெளியில எடுத்தவர் அவர்தான். எனக்கு முன்னம் அவர் அழுதவர். கறுப்புச் சப்பாத்துக்காரர் பொலிசும் இல்லை, ஒண்டும் இல்லை. ஷெட்டில நடக்கப்போற கண்காட்சிக்கு இடம் பாக்க வந்த தீயணைப்பு ஆக்கள்.

சங்கத் தலைவர் ஓடி வந்து கேட்டார்: "தகடு போட்டனியோ?"

போடேல்லை எண்டா, ஏன் போடேல்லை எண்டு கேப்பினம். பேர் எழுதுவினம். பேப்பர் எங்க எண்டுவினம்...

"போட்டனான்" எண்டன்.

தகடு பள்ளத்துக்குள்ள கிடந்தது. விழுந்திருக்கும் எண்டு எல்லாரும் நம்பிச்சினம். ஹெல்முட் மட்டும், "கூப்பிட்டாப் போதுமோ? நான் குனிஞ்சு பாத்திருக்க வேணும்" எண்டார். அண்டைக்குப் பின்னேரமே ஷெட் திறப்புச் சாவியைக் குடுத்திட்டுப் போனவர். பிறகு ஒரு எஞ்சினிலயும் கை வைக்கேல்லை.

இப்ப நான் ஜெர்மன் பாஸ்போட் வச்சிருக்கிறன். பொலிஸ் மறிச்சா, "என்ன விசயம்?" எண்டு நான் தான் முதல் கேக்கிறது. ஹெல்முட் எசன் நகரத்தில ஒரு முதியோர் இல்லத்தில. ஞாயிறில போறனான். ஒவ்வொரு முறையும் இண்டைக்கு உண்மையைச் சொல்லிப்போட வேணும் எண்டுதான் போறது.

போன ஞாயிறு வாய் வரைக்கும் வந்திட்டுது. அந்த நேரம் பார்த்து நேர்ஸ் பிள்ளை தேத்தண்ணியோட வந்திட்டா. ஹெல்முட் என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு அவவுக்குச் சொல்லுறார்:

"இவனை நான் ஒருக்காக் கொல்லப் பாத்தனான். எண்டாலும் பாருங்கோ, கிழமைக்குக் கிழமை வாறான். என்னை மன்னிச்சிட்டான்."

நான் சிரிச்சுக்கொண்டு தேத்தண்ணியைக் குடிச்சிட்டு வந்திட்டன்.

அண்டைக்கு எனக்குச் சப்பாத்துக்குப் பயம், பேப்பருக்குப் பயம், கதவு தட்டினாப் பயம். அதெல்லாம் போயிட்டுது. இப்ப உலகத்தில நான் பயப்பிடுறது அந்த ஒரு கிழவன்ர முகத்துக்குத்தான்.

இதைக்கூட இஞ்ச துணிஞ்சு எழுதுறன் எண்டா... அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.