மூன்றாம் நாள் புளியமரத்தில்

குடியை விட்ட மூன்றாம் நாள் புளியமரம் ஏறினேன். விட்டதை வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் குடித்ததையும் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவன் நான். குடிக்கப் பழகியதும் அங்கேதான்.

மேல் கிளையை எட்டியபோது கை நடுங்கத் தொடங்கியது. நான் உலுக்காமலே பழம் பொலபொலவென்று உதிர்ந்தது. கீழே பொறுக்கிக்கொண்டிருந்த சித்தப்பா கத்தினார்.

"பாருங்கடா, டிகிரி படிச்சவன் ஏறினா மரமே பயந்துக்கினு கொட்டுது!"

எல்லோரும் சிரித்தார்கள். கூலிக்கு வந்திருந்த பக்கத்து ஊர் நண்பன் சிரிக்கவில்லை. என் வயதுதான். அவன் குடியை விட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது.

"அந்தப் பக்கம் நெறைய பழம் கீது, நானும் வர்றேன்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு ஏறினான். எனக்குக் கீழ்க்கிளையில் நின்று குரலைத் தாழ்த்தினான்.

"எத்தினி நாள் ஆவுது மச்சான்?"

"இன்னா எத்தினி நாள்?"

"இந்தக் கை எனக்குத் தெரியாதா?"

"மூணு."

"எனக்கும் மூணாம் நாள்தான் வலிப்பு வந்துது. ஏர் ஓட்டிக்கினு இருந்தப்ப மாட்டுக் காலாண்ட விழுந்தேன். கீழ பாக்காத. மரத்தக் கட்டிப் புடி. எடது கால என் தோள் மேல வெய்யி."

"தோள்லயா?"

"வெக்கிறியா, இழுக்கட்டுமா?"

வைத்தேன். கண் இருட்டியது. ஒவ்வொரு கிளையிலும் அவன் முதலில் இறங்கி, என் பாதத்தைப் பிடித்து அடுத்த இடத்தில் வைத்தான். நடுவில் என் முழங்கால் மடங்கியது. அவன் ஒரு கிளை மேலேறி, தன் முதுகால் என்னை மரத்தோடு அழுத்திக்கொண்டு நின்றான். அவன் மூச்சிரைப்பு எனக்குக் கேட்டது.

"நான் யாராண்டயும் சொல்ல மாட்டேன். ஆனா இத்தோட வூட்ல போய்ப் படுக்காத. ஆஸ்பத்திரி போவணும்."

தரையில் அப்பா பழம் உதிர்க்கும் கழியோடு நின்றிருந்தார். நண்பன் என்னைப் பார்த்தான்.

"நைனா, குடிச்சிக்கினு இருந்தேன். விட்டு மூணு நாள் ஆவுது. ஆஸ்பத்திரிக்குப் போவணும்" என்றேன் அப்பாவிடம்.

சிரிப்பு நின்றுபோனது. அப்பாவின் கையில் கழி அசைந்தது. அடி விழும் என்று தோளைக் குறுக்கினேன். அவர் அதைக் கீழே போட்டார்.

"வண்டி யாராண்ட கீது?"

சித்தப்பாவின் பைக்கை நண்பன் ஓட்ட, நான் நடுவில், அப்பா பின்னால். முதல் வளைவிலேயே உடம்பு உதறியது.

"ஜமுனாமரத்தூர் ஆஸ்பத்திரி வரைக்கும் பேசிக்கினே வா" என்றான். "நீ பேச்ச நிறுத்தினா வண்டிய நிறுத்திடுவேன்."

"இன்னா பேசறது?"

"எதுனா. என்னத் திட்டு."

பல் கிடுகிடுக்கத் திட்ட ஆரம்பித்தேன். அப்பா என் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.