தெருப்பலகையில் எடுத்த பெயர்

என் கடைசிப் பெயரை இங்கே எழுத மாட்டேன். அந்தப் பெயர் உள்ளவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எழுதினால் பின்னேரத்துக்குள் என் வீட்டுக் கதவைத் தட்டிவிடுவீர்கள். அது ஓர் ஆங்கிலப் பெயர். நான் யாழ்ப்பாணத்துக்காரன். இரண்டும் எப்படி ஒட்டின என்று கேட்பவர்களுக்குப் பொய் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அப்பாவின் பெயர்தான் பிள்ளைக்குக் கடைசிப் பெயர். என் அப்பாவின் பெயர் நீளமானது, ஆங்கிலப் படிவங்களில் கட்டம் போதாது. ரொறன்ரோவுக்கு வந்த புதிதில் ஒரு வருடம் முழுக்க வேலைக்கு விண்ணப்பித்தேன். கணக்காளர் படிப்பு கையில் இருந்தது, ஒருத்தரும் நேர்முகத்துக்குக் கூப்பிடவில்லை. பெயர்தான் காரணம் என்று, எங்கள் ஆட்கள் நிறைந்த ஸ்காபரோவில் தெரிந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். வேறு ஆட்களென்றால் பெயரை அரைவாசியாக வெட்டிவிட்டு அலுவலைப் பார்த்திருப்பார்கள். நான் எண் சாத்திரக்காரரிடம் போனேன்.

பிளாசா ஒன்றில் நகைக்கடைக்கு மேலே அவருக்கு ஓர் அறை இருந்தது. "தம்பி, முதல் பெயரில கை வையாதேங்கோ. கடைசிப் பெயரைக் கூட்டினா அஞ்சு வரவேணும். வந்தா உங்களை ஒருத்தராலயும் பிடிக்கேலாது" என்றார். இரண்டு கிழமை பஸ் ஜன்னலால் தெருப்பலகைகளைப் பார்த்து எழுத்துக்களைக் கூட்டிக்கொண்டு திரிந்தேன். ஒரு சின்னத் தெருவின் பெயர் கச்சிதமாக ஐந்து வந்தது. தெருவுக்கே வைத்திருக்கிறார்கள் என்றால் பாதி வெள்ளைக்காரருக்கு இந்தப் பெயர் இருக்கும் என்று நினைத்துவிட்டேன். படித்த மடையன்.

சட்டப்படி பெயரை மாற்றி மூன்று மாதத்தில் வேலை கிடைத்தது. நேர்முகத்தன்று அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபடி வந்த பெண், எழுந்து நின்ற என்னைத் தாண்டி எனக்குப் பின்னால் யாரையோ தேடினாள்.

அப்பா அப்போதே எங்களோடுதான் இருந்தார். அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பெயர் மாற்றிய விஷயத்தைச் சொன்னேன். "நல்லது" என்றார். பாதிச் சோற்றில் எழும்பிப் போய்க் கையைக் கழுவினார். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பிறகு பிறந்த மகளுக்கும் அந்தப் பெயரே விழுந்தது. பதின்மூன்று வயதில் ஒருநாள் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "அப்பா, லிட்டரலி ஒருத்தருக்கும் இந்த நேம் இல்லை" என்றாள். இங்கிலாந்தில் இப்போது இல்லாத ஒரு சிற்றூரிலிருந்து வந்த பெயராம். ஈரம் காயாத வயலின் ஓரத்தில் குடியிருப்பவர் என்று பொருளாம். எவ்வளவு பேர் வைத்திருக்கிறார்கள் என்ற இடத்தில் 'மிக அரிது' என்று மட்டும் போட்டிருந்தது. "சோ, நாங்கள் ஆர்?" என்று கேட்டாள். முறைப்படி அவளுடைய கடைசிப் பெயர் என் பெயராக இருந்திருக்கவேண்டும். அப்பாவை வெட்டினேன் என்று மட்டும் நினைத்திருந்தேன், அதே வெட்டில் நானும் போயிருக்கிறேன் என்று அன்றுதான் உறைத்தது.

வீட்டு உறுதிப் பத்திரம், மோட்கேஜ், லைசன்ஸ், பாஸ்போட், கணக்காளர் சான்றிதழ் எல்லாம் அந்தப் பெயரில். ஒன்றை மாற்றப் போனால் மற்றது கேள்வி கேட்கும். வேலியில் போன ஓணானைப் பிடித்து வேட்டிக்குள் விட்டவனுக்கு அழவும் உரிமை இல்லை. வருடக்கணக்காக அப்படியே இழுபட்டேன். அப்பாவுக்கு எண்பத்திரண்டு ஆனபோது பயம் பிடித்துக்கொண்டது. அவர் கண்மூடுவதற்குள் அவருடைய பெயரை என் லைசன்ஸில் அவருக்குக் காட்டவேண்டும். பெயர் மாற்றும் படிவத்தை எடுத்து, நெருக்கி நெருக்கி எழுதி, அவருடைய பெயரைக் கட்டங்களுக்குள் அடக்கினேன். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

அந்தக் கிழமைதான் கடிதம் வந்தது. வருமானவரி செய்து கொடுப்பதாக உள்ளூர்ப் பத்திரிகையில் நான் போட்ட விளம்பரத்தைப் பார்த்து, முதியோர் இல்லத்திலிருந்து ஒரு வெள்ளைக்கார மூதாட்டி எழுதியிருந்தா. அவவுக்கும் அதே கடைசிப் பெயர். 'நான்தான் கடைசி ஆள் என்று நினைத்திருந்தேன். தயவுசெய்து ஒருமுறை வாருங்கள்.'

உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட்டு வரத்தான் போனேன். சத்தியமாக. மூதாட்டி என் முகத்தைக் கனநேரம் பார்த்தா. நான் வாயைத் திறக்கமுதல் அவவே முடிச்சை அவிழ்த்துவிட்டா. "எங்கள் ஆட்களில் ஒருவர் அந்தக் காலத்தில் சிலோனுக்குத் தேயிலைத் தோட்டம் பார்க்கப் போனவர். திரும்பி வரவேயில்லை. நீ அந்த வழிதானே?"

அவவின் கை என் கையைப் பிடித்திருந்தது. "ஓம்" என்றேன்.

அந்த ஒரு சொல்லில் தபால் கந்தோரில் முப்பது வருடம் உழைத்து என்னைப் படிப்பித்த மனிதரைத் துரத்திவிட்டு, முகம் தெரியாத தோட்டத்துத் துரை ஒருவனைத் தகப்பனாக்கிவிட்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது. இருந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நான் பெயர் பொறுக்கிய தெரு அவவுடைய தாத்தாவின் வயலாக இருந்ததாம். மழை பெய்தால் இப்போதும் அங்கே தண்ணீர் நிற்குமாம். புறப்படும்போது, "எனக்குப் பிறகு நீ வைத்திரு. விட்டுவிடாதே" என்றா. அதற்கும் தலையாட்டினேன்.

படிவம் கையெழுத்தில்லாமல் மேசை லாச்சிக்குள் கிடந்தது. ஒவ்வொரு ஞாயிறும் மூதாட்டியைப் பார்க்கப் போனேன். இல்லத்து வாசலில் இருக்கிற பெண் என் லைசன்ஸை எட்டிப் பார்த்துவிட்டு, "ஓ, ஃபமிலி" என்று கையைக் காட்டி உள்ளே விட்டுவிடுவாள். அப்பாவிடம் வாடிக்கையாளர் ஒருவரைப் பார்க்கப் போவதாகச் சொன்னேன். "ஞாயிற்றுக்கிழமையுமோ?" என்றார்.

ஒரு செவ்வாய் மத்தியானம் மார்க்கம் நகரத்தில் வேலையில் இருந்தேன். பக்கத்து வீட்டு அன்ரி போன் எடுத்தா. "தம்பி, அப்பா நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு வாசலில இருந்திட்டார். ஆம்புலன்ஸில கொண்டு போயிட்டாங்கள்."

ஆஸ்பத்திரி வரவேற்பில் இருந்த பெண் என் லைசன்ஸைப் பார்த்தாள், அப்பாவின் பெயரைத் திரையில் பார்த்தாள், திரும்ப லைசன்ஸைப் பார்த்தாள். ஸ்காபரோவில் வேலை செய்து எங்கள் முறையெல்லாம் அவளுக்கு அத்துப்படி. "தமிழாட்களுக்கு மகனின் கடைசிப் பெயர் அப்பாவின் பெயராகத்தானே இருக்கும்?" என்று கேட்டாள். மாற்றினேன் என்றேன். நெருங்கிய உறவினரைத்தான் விடலாம், கேட்டுச் சொல்கிறோம் என்றாள். என் பெயரைத் துண்டில் எழுதிக்கொண்டு ஒரு தாதி உள்ளே போனாள்.

திரும்பி வந்தவள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "அந்தப் பெயரில் தனக்கு யாரும் இல்லை என்கிறார்."

அப்பாவுக்கு ஆங்கிலம் என்னைவிட நன்றாகத் தெரியும். அதனால் தாதியின் மேல் பழியைப் போட வழியில்லை. அப்பாவின் பெயரைச் சொன்னேன். முழுப் பெயரையும், ஓர் எழுத்தும் விடாமல். "இன்னாருடைய மகன் வந்திருக்கிறான் என்று சொல்லுங்கள். அவ்வளவுதான்" என்றேன். தாதி போய்விட்டு வந்து, வரச் சொல்கிறார் என்றாள். பிறகு வரவேற்புப் பெண் என் லைசன்ஸில் உள்ள பெயரை ஒரு ஸ்டிக்கரில் அடித்து, என் சட்டையில் ஒட்டி உள்ளே விட்டாள்.

அப்பா மெலிந்து போய்ப் படுத்திருந்தார். மூக்கில் குழாய். என்னைக் கண்டதும் கையைத் தூக்கினார்.

"வந்திட்டியோ? இப்ப ஆரோ ஒரு வெள்ளைக்காரன் என்னைப் பாக்க வந்தவனாம். தெரியாதெண்டு சொல்லிப்போட்டன்."

"அவன் போயிட்டான் அப்பா" என்றேன்.

"நல்லது" என்றார்.

அவருடைய கண்ணாடி வீட்டில் கிடந்தது. என் நெஞ்சில் ஒட்டியிருந்த பெயரை அவரால் வாசிக்க முடியாது. உரித்து எறியலாம் என்று விளிம்பில் நகத்தை வைத்தேன். உரித்தால் வெளியே போகச் சொல்லிவிடுவார்கள். விளிம்பைத் திரும்ப அழுத்தி ஒட்டிவிட்டு, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.