இடமில்லை என்று சொன்ன டிஸ்க்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இன்றைக்கும் சிலர், வேலாயி அத்தையின் மகள் கலியாண வீடியோவை ஜெயந்தினி அக்காதான் அழித்தாள் என்று சொல்கிறார்கள். பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும்போது சொல்கிறார்கள், பஸ்ஸில் சொல்கிறார்கள். கம்பியூட்டர் தெரிந்த திமிர் என்கிறார்கள். அக்கா பதில் சொல்வதில்லை. எனக்கு அப்படிச் சும்மா இருக்க முடியவில்லை. சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

ஜெயந்தினி அக்கா எங்கள் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், பிறந்தவள். அம்மா கொழுந்து எடுப்பவர். அக்கா நமுனுகுலயிலிருந்து பதுளைக்குப் பஸ்ஸேறிப் போய் உயர்தரம் படித்தாள். பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. கம்பியூட்டர் வகுப்பொன்றில் சேர்ந்து, பிறகு பதுளைக் கடைத்தெருவில் வீரசிங்கம் என்பவர் நடத்திய ஸ்டூடியோவுக்கு வேலைக்குப் போனாள். கலியாணம், சடங்கு, கோயில் திருவிழா என்று எடுத்துவரும் வீடியோவை வெட்டி ஒட்டி, பாட்டுச் சேர்த்து, டிவிடியாக்குவது அவள் வேலை. எந்தத் தாய்மாமன் மாலை போடுவதை வெட்டினால் எந்தக் குடும்பம் சண்டைக்கு வரும் என்பது அவளுக்குத் தெரியும். கோபக்காரி என்பதும் உண்மைதான். பஸ்ஸில், தோட்டத்து ஆட்கள் பின்னால் போங்கள் என்று சொன்ன கண்டக்டரின் முகத்துக்கு நேரே டிக்கெட்டை நீட்டி, "இதுல தோட்டம்னு எங்க எழுதியிருக்கு, காட்டுங்க" என்று கேட்டவள் அவள்.

வீரசிங்கம் சார் யாழ்ப்பாணத்திலிருந்து அரசாங்க உத்தியோகத்துக்கு வந்து, ஓய்வு பெற்றபின் பதுளையிலேயே தங்கிவிட்டவர். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். அக்காவின் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது லீவு கொடுத்தார், பழம் வாங்கிக்கொண்டு பார்க்கவும் வந்தார். ஆனால் ஸ்டூடியோக் கம்பியூட்டரில் அவர் கலியாணங்களை டவுன், ஒபீஸ், தோட்டம் என்று மூன்று கோப்புறைகளாகப் பிரித்து வைத்திருந்தார். மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தாலும், தோட்டத்தில் பிறந்தவர் என்றால் அவர் கலியாணம் கடைசிக் கோப்புறைக்குத்தான் போகும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கேமரா டேப்பை அங்கே திரும்பத் திரும்பப் பாவிப்பார்கள். ஒரு கலியாணத்தைக் கம்பியூட்டரில் ஏற்றியதும் அதே டேப்பில் அடுத்த கலியாணம். அதனால் கம்பியூட்டரில் இருப்பதுதான் மூலப்பிரதி. லயத்தின் ஒற்றை அறைக் காம்பராவில் டிவிடி நெடுநாள் தாங்காது. ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும், பிள்ளைகள் கம்பியில் மாட்டி உருட்டி விளையாடும். இரண்டாவது கொப்பி கேட்டு ஸ்டூடியோப் படியேறி வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் தோட்டத்து ஆட்கள்தான்.

2008ஆம் வருஷம் நவராத்திரிக்கு முன், அந்தக் கம்பியூட்டருக்குள்ளிருந்து டக், டக் என்று சத்தம் வரத் தொடங்கியது. உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க் கெடப்போகிறது என்பதற்கு அது அடையாளம். எல்லாவற்றையும் வேறெங்காவது பத்திரப்படுத்த வேண்டும் என்று அக்கா நச்சரித்தாள். வீரசிங்கம் சார், ஸரூக் நானாவின் கம்பியூட்டர் கடையில் வெளியே இணைக்கும் பெரிய ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கினார். உடனே வேலை தொடங்கினாரா? இல்லை. சரசுவதி பூசை வரட்டும் என்று காத்திருந்தார். பூசையில் கேமராவுக்குப் பக்கத்தில் அதையும் வைத்து, சந்தனமும் குங்குமமும் பூசி, முதல் கோப்பாகப் பிள்ளையார் படமொன்றை அதில் ஏற்றினார். அதற்குப் பிறகுதான் கலியாணங்கள் போகலாம்.

பேக்கப் எடுக்கும் மென்பொருள் ஒன்று ஏற்கெனவே கம்பியூட்டரில் இருந்தது. குறித்துக் கொடுக்கும் வீடியோக்களையெல்லாம் ஒரே பெரிய கோப்பாகக் கட்டி, வெளி டிஸ்க்கில் கொண்டுபோய் வைப்பது அதன் வேலை. அக்கா ஓட விட்டாள். கொஞ்ச நேரம் ஓடி நின்றது. டிஸ்க்கில் போதிய இடமில்லை என்று திரையில் எழுத்து வந்தது.

"என்ன பிள்ளை, உது என்ன சொல்லுது?"

"எடமில்லன்னு சொல்லுது சார். ஆனா டிஸ்க் வெறுமையா கெடக்கு. பாருங்க, பிள்ளையார் மட்டுந்தான் தனியா ஒக்காந்திருக்காரு."

"மிஷின் பொய் சொல்லுமே? இடமில்லையெண்டால் இடமில்லைத்தான். பாரத்தைக் குறைப்பம். உந்தத் தோட்டத்துக் கலியாணங்களில பழசுகளை அழிச்சுவிடும்."

"டவுன்லயும் பழசு இருக்கே சார்."

"அவை பிறகு வந்து கேப்பினம்."

"யாரு? ஒரு தடவ வந்து கேட்டிருப்பாங்களா? படியேறி வந்து கேக்குறது பூராவும் எங்க ஆளுங்க சார்!"

"நீர் உங்கட ஆக்களுக்கு வக்காலத்து வாங்காதையும். சொன்னதைச் செய்யும்."

"நான் அழிக்க மாட்டேன்" என்று அக்கா கதிரையை விட்டு எழுந்து நின்றாள்.

அந்தக் கதிரையில் வீரசிங்கம் சார் உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். ஒற்றை விரலால் ஒவ்வொன்றாகத் தெரிவு செய்து அழித்தார். குப்பைத் தொட்டியையும் வெறுமையாக்கினார். அவர் தோளுக்குப் பின்னால் நின்று பெயர்களை வாசித்தாள் அக்கா. அதில் ஒன்று வேலாயி அத்தையின் மகள் தவமலருடைய கலியாணம். அந்தக் கலியாணத்தில் அக்காதான் மணப்பெண்ணுக்குத் தோழி.

"இப்ப ஓட விடும்" என்றார்.

ஓட விட்டாள். போன தடவை நின்ற அதே இடத்தில் நின்றது. அதே எழுத்து. அத்தனை கலியாணங்களை அழித்தும் ஒரு மயிரளவுகூட முன்னே போகவில்லை. கோப்பின் அளவைப் பார்த்தாள். நான்கு ஜிபியைத் தொடப்போகும் இடத்தில் நின்றிருந்தது. முதல் தடவையும் அப்படித்தான். இடம் காணாமல் நிற்கிறதென்றால் பாரத்தைக் குறைத்த பிறகு வேறெங்காவது அல்லவா நிற்க வேண்டும்?

வீரசிங்கம் சார் மறுபடியும் மவுஸைப் பிடித்தார். "இன்னும் கொஞ்சம் குறைப்பம்."

அக்கா வெளி டிஸ்க்கின் வயரைப் பிடுங்கினாள். சந்தனப்பொட்டோடு அதைக் கைப்பையில் போட்டாள். மடமடவென்று படியிறங்கி ஸரூக் நானாவின் கடைக்கு நடந்தாள். "பிள்ளை! எங்க கொண்டுபோறீர்?" என்று மேலேயிருந்து சத்தம் வந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

ஸரூக் நானா டிஸ்க்கைத் தன் கம்பியூட்டரில் மாட்டினார். பார்த்த உடனேயே சிரித்துவிட்டார்.

"தங்கச்சி, இது பழைய முறையில வந்த டிஸ்க். ஃபேட்னு சொல்லுவாங்க. இந்த டிஸ்க் ஒரு கடை மாதிரி, உள்ள எடம் ஏராளமா ஈக்கி. ஆனா வாசல்ல நிக்கிறவனுக்கு ஒரு சட்டம். எந்த மூட்டையும் தனியா நாலு ஜிபிக்கு மேல ஈந்தா உள்ளுக்கு எடுக்க மாட்டான். ஒங்கட மென்பொருள் எல்லாத்தையும் ஒரே மூட்டையா கட்டுது. அதான்."

"அப்ப எடமில்லன்னு ஏன் சொல்லுது?"

"அதுக்கு வேற சொல்லத் தெரியாது."

"விக்கும்போது நீங்க சொன்னீங்களா நானா?"

"நீங்க கேட்டீங்களா?"

"எங்களுக்குத் தெரிஞ்சாத்தானே கேக்க! ஒங்க வாயில ஒரு சொல்லு வந்திருந்தா இன்னைக்கு அத்தன கலியாணம் போயிருக்காது. சிரிக்காதீங்க!"

ஸரூக் நானாவின் சிரிப்பு நின்றது. என்ன நடந்தது என்று கேட்டார். கேட்டதும் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு அவளோடு நடந்து வந்தார்.

ஸ்டூடியோவில் அவர் சொன்னது எளிய விஷயம். டிஸ்க்கை ஃபோமெட் பண்ணி, என்.டி.எஃப்.எஸ். என்கிற புதிய முறைக்கு மாற்ற வேண்டும். அதிலே பெரிய மூட்டையும் போகும். ஃபோமெட் என்றால் டிஸ்க்கில் இருப்பதெல்லாம் அழியும்.

"ஏலாது" என்றார் வீரசிங்கம் சார். "பூசையில வைச்சுப் பிள்ளையாரை ஏத்தினது. அதை அழிக்கக் கூடாது."

"படத்த எடுத்து இங்கிட்டு வச்சுட்டு, திருப்பி ஏத்திக்கலாம் சார்."

"எழுந்தருளப் பண்ணினவரை எழுப்பிப்போட்டுத் திரும்ப இருத்துறதோ? என்ன கதை பிள்ளை இது? பாவமெல்லோ."

அக்கா விடவில்லை. "பாவமா? காலையில ஒத்த வெரலால தாலிய அழிச்சீங்களே சார், மாலைய அழிச்சீங்களே, மாமியா மாமனார் கும்புட்டு நின்னத அழிச்சீங்களே. அப்ப எங்க போச்சு இந்தப் பாவம்? எங்க ஆளுங்க மொகத்த அழிக்கலாம், இன்டர்நெட்டுல எடுத்த ஒரு படத்த அழிக்கக் கூடாதா?"

"நான் இனிச் செய்ய வேண்டியதைப் பற்றிக் கதைக்கிறன், நீர் முடிஞ்சதைப் பற்றிக் கதைக்கிறீர்" என்றார் வீரசிங்கம் சார். குரலில் பலமில்லை.

நடுவில் ஸரூக் நானா கையை உயர்த்தினார். அழிக்காமலே மாற்றவும் ஒரு வழி இருக்கிறதாம். ஒற்றை வரிக் கட்டளை. கரண்ட் போனால் ஆபத்து, அதனால் முதலில் சொல்லவில்லை என்றார். கறுப்புத் திரையில் அந்த வரியைத் தட்டினார். முடிந்து பார்த்தால் டிஸ்க் புதிய முறைக்கு மாறியிருந்தது. பிள்ளையாரும் இருந்த இடத்திலேயே இருந்தார். பேக்கப் ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடி முடிந்தது. டவுன், ஒபீஸ், மிஞ்சிய தோட்டம் எல்லாம் உள்ளே போயும் டிஸ்க்கில் பாதிக்கு மேல் வெறுமை.

அழித்தவற்றை மீட்க முடியுமா என்று அக்கா கேட்டாள். அதற்கென்று ஒரு மென்பொருளைப் போட்டு ஸரூக் நானா தேடிக்கொண்டிருக்கும்போதே, டக் டக் சத்தம் நின்றது. பழைய டிஸ்க் அதற்குப் பிறகு எழும்பவில்லை.

அடுத்த கிழமை வேலாயி அத்தை வந்தார். தவமலர் வீட்டு வேலைக்காகக் குவைத்துக்குப் போயிருந்தாள். கொண்டுபோன டிவிடி உடைந்துவிட்டது. பக்கத்து லயத்துப் பெண்ணொருத்தி குவைத் புறப்படுகிறாள், அவளிடம் ஒரு கொப்பி கொடுத்துவிட வேண்டும். மாப்பிள்ளை வீட்டில் இன்னொரு டிவிடி இருந்தது. ஆனால் மகளை வெளிநாட்டுக்கு அனுப்பிய சண்டையில் சம்பந்திகளுக்குள் பேச்சு இல்லை.

"மிஷின் பழுதாப் போச்சுதெண்டு சொல்லும்" என்று வீரசிங்கம் சார் மெல்லச் சொன்னார்.

அக்கா உரக்கச் சொன்னாள்: "அத்தை, மிஷின் பழுதாகல. டிஸ்க்ல எடம் இருந்துச்சு. எடமில்லன்னு நெனச்சு சார் அழிச்சுட்டாரு."

வேலாயி அத்தை அவரைப் பார்த்தார். "அழிச்சுப்புட்டீங்களா? எம்மக கலியாணம் ஒங்களுக்குப் பாரமாவா இருந்துச்சு?"

அவர் இலவசமாக ஒரு குடும்பப் படம் எடுத்துத் தருகிறேன் என்றார். அத்தை அந்தப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாமல், வாடிக்கையாளருக்குப் போட்ட வாங்குப்பலகையில் போய் உட்கார்ந்தார். எழும்பவே இல்லை. வருகிறவர்களிடமெல்லாம், "கலியாணம் புடிக்க வந்தீங்களா? நல்லாப் புடிப்பாங்க. அப்புறம் தொடச்சிருவாங்க" என்றார். பண்டாரவளையிலிருந்து நாள் குறிக்க வந்த ஒரு குடும்பம் படியிலேயே திரும்பிப் போனது. அக்கா எல்லோர் முன்னாலும் அத்தைக்குத் தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்தாள்.

மாலையில் வீரசிங்கம் சார், "பிள்ளை, நீர் போய் மாப்பிள்ளை வீட்டில அந்த டிவிடியைக் கேட்டு வாரும்" என்றார்.

"நான் அழிக்கல சார். அழிச்சவங்க போய்க் கேளுங்க."

அவர் போனார். ஞாயிற்றுக்கிழமை, வெள்ளைச் சேர்ட்டும் குடையுமாக, எங்கள் தோட்டத்துக் கீழ் டிவிசனில் சேற்றுப் படியிறங்கிப் போனார். மாப்பிள்ளை வீட்டில் கதிரை போட்டு உட்கார வைத்தார்கள். டிவிடியைக் கொடுத்தார்கள். அது பாதிதான் ஓடியது. மாமன் மாலை போடுவது வரைக்கும் நல்ல படம். தாலி கட்டும் இடத்தில் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிட்டது.

ஓடிய பாதியை அக்கா புது டிவிடியில் ஏற்றினாள். படம் நிற்கும் இடத்தில் கறுப்புத் திரையில் ஒரு வரி எழுதினாள்: "இதற்குப் பின் உள்ளவை எங்கள் ஸ்டூடியோவில் அழிக்கப்பட்டன."

"உதை எடும்" என்றார் வீரசிங்கம் சார்.

"வேற என்ன எழுதணும்னு நீங்களே சொல்லுங்க சார். எழுதுறேன்."

அந்த வரியோடுதான் டிவிடி குவைத்துக்குப் போனது.

போகுமுன் வேலாயி அத்தை அதை லயத்தில் போட்டுக் காட்டினார். எல்லோரும் அந்த வரியை வாசித்தார்கள். அந்த ஸ்டூடியோவில் எங்கள் ஆட்களுக்குத் தெரிந்தவள் ஜெயந்தினி அக்கா ஒருத்திதான். அதனால் அழித்தவளும் அவள்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். வேலாயி அத்தை தொண்டை கிழியச் சொல்லியும், "அம்புட்டுப் பெரிய மனுசன் சேத்துல எறங்கி வந்து கேட்டாரே, அவரா அழிச்சிருப்பாரு?" என்று திருப்பிக் கேட்கிறார்கள். சேற்றில் இறங்கியதற்காக அவர் நல்லவராகிவிட்டார். உண்மையைச் சொன்னதற்காக அவள் திமிர் பிடித்தவளாகிவிட்டாள்.

அந்த வரியில் அக்கா பெயர் போடவில்லை. நான் போடுகிறேன். அழித்தவர் வீரசிங்கம். டிஸ்க்கில் பாதிக்கு மேல் இன்றைக்கும் வெறுமையாகத்தான் கிடக்கிறது.