மூன்று கியரா, எட்டு கியரா

கணக்கு வாத்தியாருக்குச் சைக்கிளில் கியர் வைக்கும் ஆசை ஐம்பத்து மூன்றாம் வயதில் வந்தது. பள்ளிக்கூடம் கீழே, மனைவிக்கு வேலை மலை மேல் ஆஸ்பத்திரியில், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். மூன்றே மாதம் என்று சொல்லித்தான் அவளை அனுப்பினார்கள். ஒன்றரை வருடம் ஓடிவிட்டது. அவளுக்கு விடுமுறை ஞாயிற்றுக்கிழமை. அன்று பார்த்து மேலே பேருந்து கிடையாது. மனுஷர் பாதி மலையைச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஏறி, நாக்குத் தள்ளப் போய்ச் சேர்ந்தால், முகம் பார்த்துப் பேச இரண்டு மணி நேரம்தான் மிஞ்சும். தள்ளுவதில் வீணாகும் அந்த ஒரு மணி நேரமும் அவருக்கு அவளோடு வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

சைக்கிள் கடைக்காரர், பின்சக்கரத்தின் நடுவில் பொருத்தும் ஹப் இரண்டை மேசையில் வைத்தார். இரண்டிலும் கியர் முழுக்க உள்ளேயே அடங்கியிருந்தது.

"புழுதி உள்ள போகாது, சார். ஏத்தத்துல நின்னுட்டாக்கூட நின்ன இடத்துலயே கியர் மாத்திக்கலாம். இது மூணு, இது எட்டு."

வாத்தியார் சும்மா வருவாரா? பல் எண்ணிக்கை, சக்கரச் சுற்றளவு, ஒவ்வொரு வளைவின் ஏற்றம் என்று நாலு பக்கம் கணக்குப் போட்டுக் கொண்டுவந்திருந்தார். கடைக்காரர் பொறுமையாகப் பார்த்தார்.

"எல்லாம் சரி, சார். எத்தனை நாளைக்கு ஏறப்போறீங்க? கொஞ்ச நாளைக்குன்னா மூணே போதும், கடைசி வளைவுல மட்டும் இறங்கித் தள்ளிக்கலாம். வருஷக்கணக்குன்னா முட்டி தாங்காது, எட்டுதான்."

நாலு பக்கத்திலும் அது இல்லை.

வாசலுக்கு வந்து மனைவிக்கு ஃபோன் போட்டு, கடைக்காரர் கேட்டதை ஒன்றுவிடாமல் ஒப்பித்தார். மூன்று போதும் என்று சொல்லிவிடேன் என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது. மூன்று என்றால் அவள் சீக்கிரம் திரும்பி வருகிறாள் என்று அர்த்தம்.

அந்தப் பக்கம் குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பிறகு அவள் குழாயை மூடினாள்.

"எட்டே போடுங்க," என்றாள். "முட்டியக் கெடுத்துக்காதீங்க."

அவருக்குப் புரிந்துவிட்டது. "என்னிக்குச் சொன்னாங்க?"

"புதன்கிழமை. இங்கயே நிரந்தரமாக்கிட்டாங்க. நீங்க நேர்ல வந்ததும் சொல்லலாம்னு இருந்தேன்."

"சாப்டியா?" என்று கேட்டார்.

உள்ளே போய் எட்டைத் தொட்டுக் காட்டினார். கடைக்காரர் சைக்கிளைச் சுற்றி வந்து பின்பக்கக் கேரியரைத் தட்டினார். அதில் மனைவி உட்காருவதற்கென்று பூப்போட்ட திண்டு ஒன்று கட்டியிருந்தது.

"இந்தக் கேரியர் நல்ல கனம், சார். கழட்டிட்டா ஏறச் சுலபமா இருக்கும். தனியாத்தானே போறீங்க?"

வாத்தியார் குனிந்து, திண்டின் தளர்ந்திருந்த முடிச்சை இழுத்து இறுக்கினார்.

"போகும்போது தனியாத்தான். அது இருக்கட்டும்."