சிவப்பா, பச்சையா

அந்த லாரி, அவர்கள் கல்யாணத்தைவிட நான்கு வருஷம் மூத்தது. கணவர் அதை இருபத்தாறு வருஷம் ஓட்டினார். சூளையில் செங்கல் ஏற்றி, வீடு கட்டுகிற இடங்களில் இறக்குவார். ஒரு நாள் காலை, ஸ்டியரிங்கைப் பிடிக்கப் போன வலது கை பிடிக்கவில்லை. பக்கவாதம். கால் ஓரளவு தேறியது. பேச்சுதான் சரியாகத் திரும்பவில்லை. மனதில் ஒன்று இருக்கும், வாயில் வேறொன்று வரும். தண்ணீர் கேட்க நினைத்து "சாவி" என்பார். தப்பென்று அவருக்கே தெரிந்துவிடும், சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார்.

மனைவி லைசென்ஸ் எடுத்து ரொம்ப காலமாகிவிட்டது. கூடவே போய் லோடு எண்ணியவள், இப்போது வண்டியையும் எடுத்தாள். சூளையில் எல்லோருக்கும் அவள் லாரிக்காரம்மா.

வெயில் கொளுத்திய ஒரு நாள், மேட்டில் ஏறும்போது சூடு காட்டுகிற முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. ஓரங்கட்டி, ஆறவிட்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்தாள். இன்ஜின் சூட்டைத் தணிக்கிற பச்சைக் கூலண்ட் உள்ளே பாதிதான் இருந்தது. பக்கத்து உதிரிபாகக் கடைக்காரர் ஒரு சிவப்பு டப்பாவை எடுத்து வைத்தார். புது வகை, எந்த வண்டிக்கும் ஊற்றலாம், வருஷக்கணக்கில் தொடவே வேண்டாம் என்றார். உள்ளே பச்சை இருக்கிறதே என்று கேட்டதற்கு, நிறம் வெறும் சாயம்தான் என்றார். அவர் சொன்னதில் அந்த ஒன்று மட்டும் உண்மைதான். ஊற்றிக்கொண்டு வந்துவிட்டாள்.

சாயங்காலம் அவருடைய மரத்த கைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே அன்று நடந்ததையெல்லாம் சொல்வது அவள் வழக்கம். சிவப்பு டப்பா கதை வந்ததும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பால்" என்றார்.

காய்ச்சிக் கொண்டுவந்தாள். டம்ளரைத் தள்ளிவிட்டார். மறுபடியும் "பால், பால்" என்றார். சூடு போதவில்லையோ என்று மறுபடி சுடவைத்தாள். அதையும் தள்ளினார், பாதி தரையில் கொட்டியது. காலையிலிருந்து வெயிலில் வெந்தவளுக்குப் பொறுமை போய்விட்டது. வேண்டாமென்றால் கேட்பானேன் என்று கடிந்துகொண்டே துடைத்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

மூன்றாவது வாரம் முள் மறுபடி ஏறியது. இந்த முறை மெக்கானிக்கிடம் போனாள். அவர் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, குச்சியை விட்டு எடுத்துக் காட்டினார். பழுப்பாக, கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டு வந்தது.

"ரெண்டு வகையும் உள்ள இருக்கிற மருந்து வேற வேறக்கா. ஒண்ணோட ஒண்ணு சேரல. பாருங்க, திரிஞ்ச பால் மாதிரி ஆயிருச்சு."

கணவர் தள்ளிவிட்ட டம்ளர் அவளுக்கு ஞாபகம் வந்தது. மெக்கானிக் மேலும் சொன்னதையெல்லாம் பாதி காதில்தான் வாங்கினாள். இந்தப் பழைய இன்ஜினில் சிலிண்டர் குழாய்கள் நேராகக் கூலண்டிலேயே நிற்கின்றன. அதிர்வில் கிளம்புகிற குமிழிகள் அவற்றைக் கொத்திக் கொத்தி ஓட்டை போடும். அதைத் தடுக்கிற மருந்து கலந்த கூலண்டுதான் வேண்டும். ரேடியேட்டரும் பித்தளை, ஈயப் பற்று வைத்தது, அதற்கும் ஒத்துப்போக வேண்டும். இப்போது கடையில் வருகிற டப்பாக்களில் எது அப்படி என்று தனக்கே உறுதியில்லை என்றார்.

கடையில் மூன்று வகை டப்பாக்களை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். கட்டிலில் கணவர் எதிரே உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு நீங்க பால்னு சொன்னது, கலந்தா திரிஞ்சுரும்னுதானே?"

அவர் அவளையே பார்த்தார். பிறகு தலையாட்டினார்.

"நான் ரெண்டு தடவ காய்ச்சி எடுத்துட்டு வந்தேங்க."

முதலில் சிரித்தவர் அவர்தான், வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு. அவளும் சிரித்தாள். சிரிப்போடு சிரிப்பாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

டப்பாக்களைப் போர்வைமேல் வரிசையாக வைத்தாள். கார் படம் போட்டிருந்ததை இடது கையால் உடனே ஒதுக்கினார். மற்ற இரண்டின் நிறத்தை அவர் பார்க்கவே இல்லை. பின்பக்கத்துப் பொடி எழுத்தில் விரலை ஓட்டினார். ஒன்றில் விரல் நின்றது. அவள் கண்ணாடி போட்டு வாசித்தாள். கனரக டீசல் இன்ஜினுக்கு, குழாய் அரிப்பைத் தடுக்கும் மருந்து சேர்த்தது, பித்தளைக்கும் ஏற்றது. அடுத்து, பாதிக்குப் பாதி தண்ணீர் என்ற வரியைத் தட்டினார். குழாய்த் தண்ணியா என்று கேட்டாள்; தலையை அசைத்து மறுத்தார். பேட்டரிக்கு ஊற்றுகிற வடித்த தண்ணியா என்றாள். ஆமாம் என்று தலையாட்டினார்.

இவ்வளவுக்கும் ஒரு மணி நேரம் பிடித்தது. படுத்த நாளிலிருந்து சாப்பிட்டீர்களா, வலிக்கிறதா என்றுதான் எல்லோரும் அவரைக் கேட்டார்கள், அவள் உள்பட. தெரிந்த வேலையைப் பற்றி யாரும் எதுவும் கேட்டதில்லை. அது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் அவரும் பட்டறைக்கு வந்தார். கவிழ்த்த மரப்பெட்டியில் உட்கார்ந்துகொண்டு, உள்ளே விட்ட தண்ணீர் தெளிந்து வெளியே வரும்வரை, மூன்று தடவை கழுவ வைத்தார். இரண்டாவது தடவையே போதும் அண்ணே என்று மெக்கானிக் சொன்னபோது மூன்று விரலைக் காட்டினார். கூலண்டைத் திறந்துவிடுகிற தெர்மோஸ்டாட் அடைத்துப்போயிருந்தது, அதையும் மாற்ற வேண்டியிருந்தது. நல்லவேளை, சிலிண்டர் குழாய்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. புதுக் கூலண்டை ஊற்றி ஓடவிட்டபோது முள் நடுவில் போய் நின்றது.

அதன்பின் வாரத்தில் இரண்டு நாள் அவரும் கேபினில் ஏறிக்கொண்டார். சொற்கள் சில திரும்பின, பல திரும்பவில்லை. ஒத்து வராத சொல்லை அவர் சொன்னால், அவள் இப்போதெல்லாம் அவசரப்படாமல் வேறு வேறு மாதிரி கேட்டுப் பார்க்கிறாள். கிளட்ச் தேய்ந்துபோகிற மாதிரி அவள் அதை மிதித்தபடியே ஓட்டினால் அவர் கேபின் தரையில் காலால் தட்டுவார்.

"வண்டி ஓட்டுறது யாரு, நானா நீங்களா?" என்று ஒரு நாள் அவர் தட்டியபோது கேட்டாள்.

அவர் யோசித்து, "நீ" என்றார்.

அவள் கிளட்சிலிருந்து காலை எடுத்துவிட்டு வண்டியை மேட்டில் ஏற்றினாள்.